‘யோசித்து வைக்கிறேன்’ என்று சொன்னால் என்ன அர்த்தம்?

கேள்வி: வணக்கம் மேடம். ஜப்பானில் நாகோயா பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் டிசைன் என்ஜினியராக இருக்கிறேன். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன டிசம்பரில் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்3 நிலை பாஸ் பண்ணினேன். அடுத்த நிலையான என்2-க்குப் புத்தகமும் வாங்கிவிட்டேன். ஆனாலும் மனிதர்களோடு பேசும்போது ஒவ்வொரு நாளும் ஏதாவது சொதப்பல். ஒரு வரைபட வேலையைச் சுருக்க யோசனை சொன்னேன். மேலாளர் ‘கங்கயெதெ ஒகிமஸ்’ என்றார். மூன்று வாரம் காத்திருந்து, மீட்டிங்கில் ‘அது என்ன ஆச்சு?’ என்று கேட்டேன். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். இன்னொரு நாள் வாடிக்கையாளர் போனில் எங்கள் மேலாளரைக் கேட்டபோது ‘தனாகா-சான் சீட்டில் இல்லை’ என்றேன். பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்தார். போன மாதம் நான் போட்ட குப்பைப் பை, ஒரு ஸ்டிக்கரோடு என் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் வேலை என்று நினைக்கிறேன். இதற்கு நடுவில் பார்ப்பவர்கள் எல்லாம் ‘நிஹோங்கோ ஜோஸு’, ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்டுகிறார்கள். கிண்டலா என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு மொழி வரவில்லையா, இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையா? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

உங்கள் மேலாளர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன் தம்பி. ‘கங்கயெதெ ஒகிமஸ்’. உங்கள் பாடப்புத்தகம் ஆங்கிலம் வழியாக ‘நான் அதைப் பற்றி யோசிப்பேன்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கும். அதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள். கங்கயெதெ என்றால் யோசித்து. ஒகு என்றால் வை. ‘யோசித்து வைக்கிறேன்.’

இதே பதிலை ஊரில் ஒரு பெரியவர் உங்களுக்குச் சொல்லியிருந்தால் மூன்று வாரம் காத்திருந்திருப்பீர்களா? பெண் கேட்டுப் போன வீட்டில் ‘பார்க்கலாம், சொல்லி அனுப்புறோம்’ என்றால் நம்மூரில் யாரும் வாசலில் உட்கார்ந்திருப்பதில்லை. இல்லை என்பதை இல்லை என்ற சொல் இல்லாமல் சொல்லும் வித்தையில் நாம் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. இருந்தும் ஜப்பானிய மொழியில் அதே வித்தை எதிரே வந்தபோது உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. நீங்கள் அதை ஆங்கிலக் கண்ணாடி போட்டுக்கொண்டு கேட்டதுதான் காரணம்.

இருபது வருஷத்துக்கு மேலாக ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன், மொழிபெயர்ப்பாளராகவும் போகிறேன். நம் பிள்ளைகள் செய்வதில் எனக்கு ஆற்றாமை தரும் விஷயம் இதுதான். கையில் தமிழ் என்ற நல்ல சாவி இருக்கும்போது, ஆங்கிலத்தை வைத்துப் பூட்டை நெம்புகிறார்கள்.

கொஞ்சம் இலக்கணம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘கங்கயெதெ’யின் முடிவில் வரும் அந்த ‘தெ’ வடிவத்தை வகுப்பில் எவ்வளவு பாடுபட்டு மனப்பாடம் செய்திருப்பீர்கள்! அது நம் வினையெச்சம். தபெதெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்பதற்கு அர்த்தமே பார் என்பதுதான். கத்தெ ஒகு, வாங்கி வை. மொத்தெ குரு, எடுத்துக்கொண்டு வா. வசுரெதெ ஷிமத்தா, மறந்துவிட்டேன். ‘கெக்கோன் ஷிதெ இரு’ என்பது ஆங்கிலப் புத்தகம் படித்தவர்களுக்குப் பெரிய குழப்பம்: கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா? நமக்கு என்ன குழப்பம்? கல்யாணம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கொரெ, சொரெ, அரெ, தொரெ என்ற நான்கையும் ஆங்கிலத்தின் மூன்று சொற்களுக்குள் அடைக்க முடியாது. தமிழில் இது, உது, அது, எது. உது நம் பக்கம் வழக்கில் இல்லை, யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்கிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்லும் ‘இத்தெ கிமஸ்’ அப்படியே நம் ‘போயிட்டு வரேன்’. உள்ளே இருப்பவர் சொல்லும் ‘இத்தெ இரஷ்ஷாய்’, ‘போயிட்டு வாங்க’.

(இதைச் சொன்னதும் சிலர் ‘ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது’ என்று வாட்ஸ்அப்பில் வருவதைக் கிளப்புவார்கள். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர், 1919 முதல் 2008 வரை வாழ்ந்தவர், இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஒட்டுறவு இல்லாமலும் அமைப்பு ஒத்துப்போகலாம். ஆபீசில் போய் ‘உங்கள் மொழி எங்கள் தம்பி’ என்று பேச்சை ஆரம்பித்துவிடாதீர்கள்.)

சரி, மேலாளரிடம் வருவோம். யோசனை சொன்னது தப்பில்லை. மீட்டிங்கில் கேட்டதுதான் தப்பு. ஜப்பானிய அலுவலகங்களில் ‘நெமவாஷி’ என்ற ஒரு சொல் புழங்கும். மரத்தை வேறு இடத்தில் நடுவதற்கு முன் வேரைச் சுற்றி மெல்லத் தோண்டிப் பதப்படுத்துவார்களே, அந்தத் தோட்டக்காரர் வேலையின் பெயர் அது. ஒரு மாற்றம் வர வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தனியே பார்த்து, கருத்துக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சேர்த்து, எல்லோரும் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட பிறகே மீட்டிங்குக்கு வரும். பல கம்பெனிகளில் மீட்டிங் என்பது நிச்சயதார்த்தம் மாதிரி; பேச்செல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். நிச்சயதார்த்தப் பந்தலில் எழுந்து ‘நான் கேட்டது என்ன ஆச்சு?’ என்றால் எல்லோரும் தரையைத்தான் பார்ப்பார்கள். அடுத்த முறை, இந்த மாற்றத்தால் யாருக்கு வேலை கூடும் என்று பாருங்கள். முதலில் அவரிடம் போய் ‘இதில் என்ன சிக்கல் வரும், சொல்லுங்களேன்’ என்று கேளுங்கள். மேலாளர் கடைசி.

‘கங்கயெதெ ஒகிமஸ்’ என்றால் எப்போதும் மறுப்பு என்று நான் சொல்லமாட்டேன். சொன்னவர் அத்தோடு நிறுத்திக்கொண்டாரா, அல்லது ‘எப்போதைக்குள் வேண்டும்?’, ‘யாரிடம் காட்டினீர்கள்?’ என்று ஏதாவது கேட்டாரா என்று கவனியுங்கள். கேள்வி வந்தால் உயிர் இருக்கிறது. ‘சொரெ வா ச்சொட்டோ…’, அது கொஞ்சம்… என்று இழுத்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டாலோ, பல் இடுக்கில் காற்றை உறிஞ்சித் தலையைச் சாய்த்து ‘முஸுகஷீ தெஸ் நே’ என்றாலோ, மூட்டையைக் கட்டலாம்.

அந்த ‘முஸுகஷீ’ எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விலைப் பேச்சுக்கு மொழிபெயர்க்கப் போனேன். நம் பக்கத்து முதலாளி விலையைச் சொல்லச் சொல்ல, எதிரே இருந்த ஜப்பானியர் ‘ஹாய், ஹாய்’ என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். முதலாளி என் பக்கம் சாய்ந்து, ‘ஒத்துக்கிட்டாரா மேடம்?’ என்றார். நானும், ‘ஆமாம் போலிருக்கு சார்’ என்றேன். ஹாய் என்றால் ஆமாம், அப்படித்தானே படித்திருந்தேன்! கடைசியில் அவர் தலையைச் சாய்த்து, ‘முஸுகஷீ தெஸ் நே’ என்றார். நான் சத்தமாக, ‘கஷ்டம் என்கிறார்’ என்று மொழிபெயர்த்தேன். முதலாளி உற்சாகமாகி, அந்தக் கஷ்டத்தை எப்படித் தீர்க்கலாம் என்று அரை மணி நேரம் விளக்கினார். அதற்கும் ‘ஹாய், ஹாய்’. திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை.

அந்த ‘ஹாய்’ உம் கொட்டுவது. பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டுவோமே, அது. கதையில் வரும் ராட்சசனோடு ஒத்துப்போகிறோம் என்றா அர்த்தம்? கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று அர்த்தம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஐஸுசி’. பட்டறையில் கொல்லரும் உதவியாளும் மாறி மாறிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல். ஒருவர் அடி போட, மற்றவர் அடி போடாவிட்டால் இரும்பு ஆறிவிடும். போனில் நீங்கள் மரியாதையாக மௌனம் காத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் எதிர்முனையில் ‘மோஷி மோஷி?’ என்று பதற்றத்தோடு கேட்பார்கள். அதனால் உம் கொட்டுங்கள், தாராளமாக. ‘ஹாய்’, ‘ஏ’, ‘நருஹொதொ’ (ஓ, அப்படியா). ஆனால் மேலதிகாரியிடம் ‘நருஹொதொ’ வேண்டாம், அவர் சொன்னதற்கு நீங்கள் மார்க் போடுவது போல சிலருக்குப் படும்.

இவ்வளவு நேரம் தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. உங்கள் போன் விவகாரம் அதில் முதல்.

மேலாளரை ‘தனாகா-சான்’ என்று சொன்னது மரியாதைதானே, அதற்கு ஏன் முகம் சுளிக்க வேண்டும்? நம்மிடம் மரியாதை ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எம்.டி. எங்கே என்று யார் கேட்டாலும் ‘சார் வெளியே போயிருக்காங்க’. ஜப்பானில் மரியாதை, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத் திசை மாறும். கம்பெனிக்குள் அவர் தனாகா-சான். வெளியாள் ஒருவரிடம் பேசும் நொடியில் நீங்களும் மேலாளரும் ஒரே வீட்டுக்காரர்கள். வீட்டு ஆளை வெளியாள் முன்னால் உயர்த்திப் பேசக் கூடாது. அதனால் வெறும் ‘தனாகா’. வினைச்சொல்லும் பணிந்து வர வேண்டும்: ‘தனாகா வா ததாய்மா செகி ஒ ஹஸுஷிதெ ஒரிமஸ்.’ தனாகா இப்போது இருக்கையில் இல்லை என்பதை அடக்கமாகச் சொல்லும் வழக்கமான வாக்கியம் அது. எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அப்பா விஷயமும் இப்படித்தான். நேரில் கூப்பிட ‘ஒதோசான்’. அடுத்தவரிடம் நம் அப்பாவைச் சொல்ல ‘சிசி’. நாமும் விருந்தாளியிடம் ‘நம்ம குடிசைக்கு ஒரு நாள் வாங்க’ என்று சொந்த வீட்டைத் தாழ்த்திக்கொள்கிறோம், ஆனால் அப்பாவையும் எம்.டி.யையும் தாழ்த்த நமக்கு நாக்கு எழாது. அங்கே எழ வேண்டும். இரண்டு வருஷத்தில் பழகும் என்று பொய் சொல்லமாட்டேன். ஜப்பானிய இளைஞர்களே வேலைக்குச் சேர்ந்த பிறகு இதைத் தனியாகப் பயிற்சி எடுத்துத்தான் கற்கிறார்கள்.

‘அனதா’ என்ற சொல்லையும் கொஞ்ச நாள் பரணில் போட்டுவிடுங்கள். நீங்கள் என்று அர்த்தம் போட்டிருப்பார்கள், ஆனால் மேலாளரை அப்படிக் கூப்பிட்டால் காதில் இடிக்கும். ‘சார் வர்றீங்களா?’ என்று நாம் பதவியையே நீங்கள் ஆக்கிக்கொள்வது போல, பெயரையோ பதவியையோ சொல்லிக் கேளுங்கள். உறவுமுறை மட்டும் வேண்டாம். நாற்பது வயதுப் பெண்ணை அன்பாக ‘அத்தை’ என்று நினைத்து ‘ஒபசான்’ என்றால் அன்று முழுக்க அவர் உங்களிடம் பேசமாட்டார்.

அப்புறம் நன்றி. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நம் ஆட்களைப் பற்றி ஜப்பானியர்கள் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்ன குறை இதுதான். நமக்கு நெருங்கியவரிடம் நன்றி சொன்னால் அந்நியப்படுத்துவது போல. ‘என்ன பெரிய வார்த்தை எல்லாம்’ என்று கோபித்துக்கொள்வார்கள். அங்கே அந்த நேரத்தில் ஒரு தரம் சொல்வது போதாது. அடுத்த முறை பார்க்கும்போது ‘கொனோ ஐதா வா அரிகாதோ கொஸாய்மஷிதா’, அன்றைக்குச் செய்ததற்கு நன்றி என்று மறுபடி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களை யாராவது சாப்பிட அழைத்துப் போயிருந்தால் மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

‘ஜோஸு’ விஷயத்தில் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். அது கிண்டலும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பேச்சைத் தொடங்க ஒரு கைப்பிடி. ‘மாதா மாதா தெஸ்’, இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். என் பழைய மாணவர்கள் சொல்வார்கள்: உண்மையிலேயே நன்றாகப் பேச வந்ததும் இந்தப் பாராட்டு நின்றுபோகுமாம், ‘எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வி வர ஆரம்பிக்குமாம்.

என்3 பாஸ் செய்தும் பேச வரவில்லை என்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. அந்தத் தேர்வில் எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் உண்டு. பேச்சுத் தேர்வே கிடையாது. மிக உயர்ந்த நிலையான என்1 முடித்துவிட்டு போன் எடுக்கப் பயப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் என்2 புத்தகம் வாங்கிவிட்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதம் அதை மூடி வையுங்கள். அதற்குப் பதில், தினம் அலுவலகத்தில் காதில் விழும் ஒரே ஒரு பேச்சை, ஒரு நிமிடப் பேச்சு போதும், அன்று இரவு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். முக்கியமாக வாக்கியத்தின் வால். ‘நே’யா, ‘யோ’வா, முடிக்காமல் விட்டதா? தமிழ் போலவே ஜப்பானிய மொழியிலும் விஷயம் வாலில்தான் இருக்கிறது. சொன்னவர் வாயிலிருந்து வந்த அதே ராகத்தில் பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

எழுதுவதை ஜப்பானிய எழுத்திலேயே எழுதுங்கள், தமிழில் வேண்டாம். இந்தப் பதிலில் எனக்கு வேறு வழியில்லை. நெடில், குறில், இரட்டிப்பு இவற்றில் நம் எழுத்து கெட்டிக்காரத்தனமானது. ஒபசான் அத்தை, ஒபாசான் பாட்டி என்ற வித்தியாசத்துக்கு மற்ற நாட்டவர் திணறும்போது நமக்குப் பல், பால் மாதிரி சுலபம். ஆனால் வல்லினத்தில் மாட்டிக்கொள்வோம். பல்கலைக்கழகம், படிப்பைப் பாதியில் விடுவது என்று இரண்டு சொற்கள். ஒன்று மென்மையான ஒலியில் தொடங்கும், மற்றது வன்மையான ஒலியில். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘தைகாகு’! என் மாணவர் ஒருவர் நேர்முகத் தேர்வில் பெருமையாகத் தன் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசப் போய், படிப்பை விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

பேசிப் பழக ஆள் வேண்டும் என்றால், நாகோயா ஸ்டேஷன் அருகிலேயே நாகோயா சர்வதேச மையம் இருக்கிறது. அங்கே போய், உங்கள் வட்டாரத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்புகள் எங்கே என்று கேளுங்கள். ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர் வருவார்கள். அவர்களுக்கு நேரம் இருக்கும், திருத்தவும் செய்வார்கள். புரியாத இடத்தில் ‘யசஷீ நிஹோங்கோ தெ ஒநெகாய் ஷிமஸ்’, எளிய ஜப்பானிய மொழியில் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். அது வெறும் சலுகை இல்லை. 1995 ஜனவரியில் கோபே பகுதியைத் தாக்கிய பூகம்பத்தில் எச்சரிக்கைகள் புரியாமல் வெளிநாட்டவர் திண்டாடிய பிறகு, அறிஞர்கள் உட்கார்ந்து உருவாக்கிய முறை. ‘ஹினான்’ என்ற கடினச் சொல்லுக்குப் பதில் ‘நிகெரு’, ஓடித் தப்பு. பல நகராட்சிகளின் அறிவிப்புகளே இப்போது இந்த நடையில் வருகின்றன.

இனி அந்தக் குப்பைப் பை.

பாட்டி மேல் கோபம் வேண்டாம். அவர் ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு நாகோயாவில் ஒரு கதை உண்டு. அந்த நகரம் தன் குப்பையைக் கொட்ட ஃபுஜிமாஎ என்ற கடலோரச் சேற்றுநிலத்தைத் தூர்க்கத் திட்டமிட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் பறவைகள் வலசை வந்து இறங்கும் இடம். எதிர்ப்பு வலுத்து, 1999 தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. கொட்ட இடமில்லை. அந்தப் பிப்ரவரியில் நகரம் ‘குப்பை அவசரநிலை’ என்றே அறிவித்தது. அடுத்த ஆண்டு பிளாஸ்டிக் உறை, காகித உறை என்று பிரிக்கும் முறை வந்தபோது, வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு கற்றுக்கொண்டார்கள். இரண்டே ஆண்டில் குப்பை 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2002ல் அந்தச் சேற்றுநிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த வருஷங்களில் நடுவயதில் இருந்திருப்பார். தெருமுனையில் நின்று பையைப் பிரித்துப் பார்த்தவர்களில் அவரும் ஒருவராக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

ஸ்டிக்கர் ஒட்டுவது குப்பை எடுக்க வருபவர்கள். பையை ஏன் எடுக்கவில்லை என்ற காரணம் அதிலேயே இருக்கும்: கிழமை தப்பு, வகை தப்பு, பை தப்பு. அதைக் கிழித்துப் போடாமல் படித்தீர்களா? அந்தப் பையை உங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தது பாட்டியாகவே இருந்தாலும், காக்கை கொத்திச் சிதறாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார் என்றும் சொல்லலாம். பொதுவாக அன்று காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும், முந்தின இரவே வைக்கக் கூடாது, காக்கைக்காகப் போட்டிருக்கும் வலைக்கு அடியில் தள்ளி வைக்க வேண்டும். பெட் பாட்டில் என்றால் மூடியையும் லேபிளையும் கழற்றிவிட்டு அலசிப் போட வேண்டும். வேறு வார்டுக்கோ ஊருக்கோ மாறினால் விதிகளும் மாறலாம்.

குடி வந்தபோது அக்கம்பக்கத்துக்கு ஒரு சின்னப் பொருளோடு போய் அறிமுகம் செய்துகொண்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்திருக்கமாட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். எதிரே மூன்று வீடு, இரு பக்கம் ஒவ்வொன்று என்று பழைய கணக்கு. அடுக்குமாடி என்றால் இரு பக்கமும் மேலும் கீழும். நகரங்களில் இப்போது பலர் செய்வதில்லைதான், ஆனால் அந்த வயதுக்காரர்கள் எதிர்பார்ப்பார்கள். இரண்டு வருஷம் தாமதமானாலும் பரவாயில்லை. ஒரு கைத்துண்டோ சின்ன பிஸ்கட் பெட்டியோ போதும். விலை உயர்ந்தது வாங்கிவிடாதீர்கள், பதிலுக்கு என்ன கொடுப்பது என்று அவர் கவலைப்படுவார்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் போங்கள். வாசலில் நின்றே பேசுங்கள், உள்ளே கூப்பிடவில்லை என்று வருத்தப்படாதீர்கள். ‘சுமிமசென்’ என்று ஆரம்பித்து, பைக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு, ‘கொமி நோ கொதோ ஒ ஒஷியெதெ இததகெமசென் கா’, குப்பை விஷயத்தைச் சொல்லித் தர முடியுமா என்று கேளுங்கள். நகராட்சி கொடுத்த குப்பைக் காலண்டரைக் கையோடு எடுத்துப் போனால் அவருக்கு விரல் வைத்துக் காட்ட வசதி. அவர் அநேகமாக முதலில் ‘நிஹோங்கோ ஜோஸு தெஸ் நே’ என்பார். ‘மாதா மாதா தெஸ்’ சொல்லிவிட்டு, காலண்டரைப் பிரித்து நீட்டுங்கள்.